கடையும் குடோனும் பேசிக்கொள்ளாத அக்டோபர்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

சர்வருக்குச் சந்தனம் வைத்தாயிற்று, குங்குமமும் வைத்தாயிற்று. காற்றுப் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு முழம் கதம்பம் தொங்குகிறது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். பெரியண்ணா முறைத்த முறைப்பில் கை தானாக மடங்கிக்கொண்டது.

இளம்பிள்ளையில் எங்கள் இரட்டைக்கிளி சேலைக் கடையில் ஆயுத பூஜை என்றால் சகலத்துக்கும் ஓய்வு. தறி, தராசு, தையல் மிஷின், டெலிவரி வேன், கத்தரிக்கோல் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இந்த வருஷம் பெரியண்ணா சர்வரையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

"இதை அணைக்கக் கூடாதுங்கண்ணா. ஆன்லைன்ல ஆர்டர் வந்துட்டே இருக்கும்" என்றேன்.

"தறிக்கே லீவு குடுக்கறோம். இது என்ன தறியை விடப் பெரிய மகாராணியா? ஒரு நாள் அதுவும் படுக்கட்டும்."

அணைத்தேன். ஊர் உலகத்தில் எல்லாரும் எங்கேயோ இருக்கிற கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடித்து வெப்சைட் நடத்துகிறார்கள். இவர் மட்டும் "நம்ம கணக்கு நம்ம கண்ணு முன்னாடி இருக்கணும்" என்று மெஷினையே வாங்கி, முன்பக்கக் கடைக்கும் பின்பக்கக் குடோனுக்கும் நடுவில் உள்ள சின்ன அறையில் வைத்துவிட்டார். அந்த அறையில்தான் நானும் இருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஃபேன்.

பூஜையில் சூடம் காட்டும் நேரம் வந்தது. பெரியண்ணா கந்தப்பன் கடை முதலாளி, சின்னண்ணா குழந்தைவேல் குடோன் முதலாளி. கூடப்பிறந்தவர்கள், கூட்டு வியாபாரம். மூன்றடி இடைவெளியில் நிற்கிறார்கள்.

"கோகிலா, அவனைச் சூடம் காட்டச் சொல்லு" என்றார் பெரியண்ணா.

"கோகிலா, எல்லாத்தையும் தானே செஞ்சு பழக்கப்பட்டவங்க இதையும் செஞ்சுக்கட்டும்னு சொல்லு" என்றார் சின்னண்ணா.

நான் இந்தப் பக்கம் திரும்பி, "நீங்கதான் மூத்தவரு, நீங்களே காட்டுங்கன்னு சொல்றாருங்கண்ணா" என்றேன். பெரியண்ணாவின் முகம் லேசாக மலர்ந்தது. தட்டை வாங்கிக்கொண்டார்.

பெரியண்ணாவின் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் சின்னண்ணா சம்சாரத்தின் பெயர் விட்டுப்போனதிலிருந்து இப்படித்தான். அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்கிறார் இவர். சொல்லித்தான் விட்டான் என்கிறார் அவர். கம்ப்யூட்டர் வேலைக்கு என்று சேர்ந்த என் தலையில் இந்தத் தபால் வேலையும் விழுந்தது. இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் என்னை விட்டால் இங்கே இதற்கு ஆளும் கிடையாது.

அக்டோபர் 2, வியாழன்

நாசமாப் போச்சு. காலையில் மெஷினைப் போட்டேன். கடையின் சைட்டைத் திறந்தால் வெள்ளைத் திரை, நட்டநடுவில் 502.

இது என்ன வியாதி என்று எழுதிவைக்கிறேன், எனக்கே தெளிவாகட்டும். என்ஜின்எக்ஸ் என்று ஒன்று முன்னால் நின்று வருகிறவர்களை வரவேற்கும். எந்தச் சேலை எத்தனை இருக்கிறது, என்ன விலை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உள்ளே பிஎச்பி என்று ஒன்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்னால் இருப்பது கூப்பிட்டு உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் 502. சேலை வாங்க வந்த பெண் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

பெரியண்ணாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று வாயைக் கொடுத்தேன். "கடையில இருக்கறவர் கூப்பிடறாரு, குடோன்ல இருக்கறவர் பதில் சொல்ல மாட்டேங்கறாரு. அந்த மாதிரிங்கண்ணா."

மேஜையைத் தட்டினார். "எனக்கு அப்பவே தெரியும்! எல்லாம் அவன் வேலை!"

"ஐயோ, உதாரணத்துக்குச் சொன்னேங்கண்ணா!"

"நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத."

குடோனுக்கு ஓடினேன். சின்னண்ணா சேலை மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, "ஓடிட்டிருந்த மிஷினைப் படுக்க வெச்ச மகராசன் யாருன்னு கேளு" என்றார். திரும்பி வந்து, "சின்னவரும் ரொம்பக் கவலைப்படறாருங்கண்ணா" என்றேன்.

வேறு எப்படிச் சொல்வதாம்? தீபாவளி வருகிற நேரம்.

அக்டோபர் 3, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! என் முதுகை நானே தட்டிக்கொள்கிறேன், வேறு யாரும் தட்டுவதாகக் காணோம்.

மெஷின் தன் பிழைகளை எழுதிவைக்கிற எரர் லாக்கில் 'பர்மிஷன் டினைட்' என்று வரிவரியாக அழுதிருந்தது. என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ள சாக்கெட் என்று ஒரு வழி உண்டு. அந்த வழியைத் தொட என்ஜின்எக்ஸுக்கு அனுமதி இல்லை. புதன்கிழமை வரைக்கும் இருந்த அனுமதி எங்கே போனது? எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்து, இப்போது பெங்களூரில் இருக்கிற லோகேஷுக்கு ஃபோன் போட்டேன்.

"மெஷினை அணைச்சீங்களா? ஏங்க அணைச்சீங்க?" என்று பதறினான்.

"ஆயுத பூஜை."

சிரித்துவிட்டான். சைட் அமைத்த அன்றே இதே தகராறு வந்ததாம். அவசரத்தில் கையாலேயே அனுமதியைப் போட்டுவிட்டு, அமைப்புக் கோப்பில் எழுதாமல் விட்டுவிட்டானாம். பிஎச்பி நின்று எழுந்தால் சாக்கெட் புதிதாகத்தான் உருவாகும், கையால் போட்டதெல்லாம் போய்விடும். இத்தனை நாள் யாரும் மெஷினை அணைக்காததால் தெரியவில்லை. "சர்வரைப் பூஜைக்குப் படுக்க வைப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்?" என்கிறான் அடப்பாவி.

அமைப்பில் இரண்டு வரி சேர்த்தேன். பிஎச்பியை மறுபடி எழுப்பினேன். சைட் ஜம்மென்று வந்து நின்றது. பெரியண்ணா எல்லாருக்கும் கேசரி வாங்கினார். குடோனுக்கு மட்டும் என் கையில் கொடுத்தனுப்பினார், "மிச்சம் இருந்ததுன்னு சொல்லு" என்று. "உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சாருங்கண்ணா" என்று கொடுத்தேன். சின்னண்ணா கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார்.

அக்டோபர் 4, சனி

சைட் ஓடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

குளித்திருக்கவே கூடாது. பதினொரு மணிக்கு மறுபடியும் 502. சாக்கெட்டைப் பார்த்தால் அனுமதி பத்திரமாக இருக்கிறது. அதற்குள் தானாகவே சரியாகிவிட்டது. பிறகு மறுபடி வந்தது, மறுபடி போனது. ஒரேயடியாகக் கெட்டுப்போகிற மெஷினைக் கூடச் சமாளிக்கலாம். வந்து வந்து போகிற வியாதி ஆளைக் கொன்றுவிடும்.

அக்டோபர் 6, திங்கள்

பெரியண்ணா கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "வர்ற ஞாயித்துக்கிழமை தீபாவளி ஸ்பெஷல் சேல். ஊரெல்லாம் விளம்பரம் போயாச்சு. அன்னைக்கும் இந்த சைட் படுத்துச்சுன்னா, கூட்டு வியாபாரம் போதும். திங்கக்கிழமை ஆடிட்டரை வரச் சொல்லிட்டேன். கடை எனக்கு, குடோன் அவனுக்கு. பாகத்தைப் பிரிச்சுக்கலாம். போய்ச் சொல்லிடு."

"அண்ணா, சைட் படுக்கறதுக்கும் சின்னவருக்கும் சம்பந்தமே இல்லைங்கண்ணா."

"நீ சொன்னதைச் செய்."

கடை இவருக்கு, குடோன் அவருக்கு. நான் எந்தப் பாகத்தில் வருவேன்? பேக்கிங்கில் இருக்கும் பாப்பாத்தி அக்காவும் மற்ற பெண்களும்? குடோன் இல்லாத கடையில் விற்க என்ன இருக்கும், கடை இல்லாத குடோனில் பேக் செய்ய என்ன இருக்கும்? இவர்கள் அப்பா ஒற்றைத் தறியில் ஆரம்பித்ததை ஒரு ஆடிட்டரை வைத்து முடித்துவிடுவார்கள்.

குடோனுக்குப் போனேன். சின்னண்ணா பார்சலில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்றார் நிமிராமல்.

"ஞாயித்துக்கிழமை சேல் நல்லபடியா நடக்கணும்னு பெரியவரு ஆசைப்படறாருங்கண்ணா."

"அவனா? ஆசைப்படறானா?"

"ஆமாங்கண்ணா."

ஒட்டுகிற கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன். எப்படியும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சைட்டைச் சரிசெய்துவிட்டால் அந்தப் பேச்சே எழாதே, அப்புறம் எதற்கு அவரிடம் சொல்லி நோகடிப்பது?

அக்டோபர் 7, செவ்வாய்

பிஎச்பிக்கு உள்ளே வேலையாட்கள் மாதிரி சிலர் இருப்பார்கள். எல்லாரும் வேலையில் மாட்டிக்கொண்டால் புதிதாக வருகிறவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆளைக் கூட்டினேன். மெஷினுக்கு மூச்சு முட்டி எல்லாமே நின்றது. பழையபடி குறைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

எந்த வேலை பிஎச்பியை இப்படி மென்று தின்கிறது? மெதுவாக நடப்பதையெல்லாம் தனியாக எழுதிவை என்று நேற்றே அதற்கு உத்தரவு போட்டிருந்தேன். இன்று காலையில் பார்த்தால் எல்லா வரியிலும் ஒரே பக்கம்: 'இன்றைய நிலவரம்'.

அது வாடிக்கையாளர் பார்க்கிற பக்கமே இல்லை, முதலாளிகள் பார்ப்பது. கடையில் என்ன விற்றது, குடோனிலிருந்து என்ன போயிற்று என்று காட்டும். கேட்கிற இடம் எது என்று தேடினால், அட ராமா! கடையில் சுவரில் மாட்டிய டிவி, குடோனில் மாட்டிய டிவி, பெரியண்ணா ஃபோன், சின்னண்ணா ஃபோன், அவர்கள் இரண்டு பேர் வீட்டம்மாக்களின் ஃபோன். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தன்னாலேயே புதுப்பித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு தடவையும் கடை திறந்த நாளிலிருந்து உள்ள கணக்கு முழுவதையும் முதலிலிருந்து கூட்டிப் பார்க்கிறது அந்தப் பக்கம்.

லோகேஷைக் கேட்டேன். "தம்பி என்ன பண்றான்னு உடனுக்குடன் தெரியணும்னு பெரியவர் கேட்டாரு. அண்ணன் என்ன பண்றான்னு தெரியணும்னு சின்னவர் கேட்டாரு. நான் என்ன பண்ண?" என்றான்.

வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அதைக் கேட்க மனமில்லாமல் ஆளுக்கு ஒரு டிவி வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்க்கிறார்கள். தீபாவளிக் கூட்டம் சேரும்வரை மெஷின் எப்படியோ தாங்கியது. இப்போது உள்ளே இருக்கிற வேலையாட்கள் அத்தனை பேரும் இந்த வேவுக்கே போய்விட, சேலை வாங்க வந்த பெண்ணுக்கு 502.

அக்டோபர் 9, வியாழன்

"டிவியை ஞாயிறு வரைக்கும் அணைச்சு வைங்கண்ணா" என்று பெரியண்ணாவிடம் கேட்டேன். "அவன் முதல்ல அணைக்கட்டும்" என்றார்.

சின்னண்ணாவிடம் கேட்டேன். "அவன் அணைச்சதை என் கண்ணால பார்த்தா அணைக்கறேன்."

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து கடைக்குப் போக வேண்டும். அதற்கும் மாட்டார். நான் இங்கும் அங்கும் ஓடி ஓடிச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

சாப்பாட்டு வேளையில் பாப்பாத்தி அக்கா சிரித்தாள். "நீ இருக்கற வரைக்கும் அதுங்க ரெண்டும் பேசாதுங்க கண்ணு. அவன் வேப்பங்காயைக் குடுத்து விட்டா நீ வெல்லம் தடவிக் கொண்டாந்து குடுக்கறே. இவனுக்கு என்ன குறை?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசாதே என்று நானா சொன்னேன்? நான் இல்லாவிட்டால் என்றைக்கோ வெட்டுக்குத்து ஆகியிருக்கும். அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. அவள் கொடுத்த தக்காளித் தொக்கை வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது பசிக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

இதற்கு நல்ல வைத்தியம் உண்டு. கணக்கை மணிக்கு ஒரு தடவை கூட்டி வைத்துவிட்டு, யார் கேட்டாலும் அந்தக் கூட்டுத்தொகையையே நீட்டலாம். மெஷினுக்குப் பாரமே இருக்காது. மதியத்துக்குள் எழுதியும் முடித்துவிட்டேன். போட்டுப் பார்த்தேன், அழகாக ஓடியது.

பிறகு அதை எடுத்துவிட்டு, 'இன்றைய நிலவரம்' பக்கத்தையே மூடிவிட்டேன். 'பராமரிப்பில் உள்ளது' என்று ஒரு வரி மட்டும் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. தலைவலியாக இருந்தது.

அக்டோபர் 11, சனி

காலை முதல் 502 ஒன்றுகூட இல்லை. ஆனால் எனக்குத்தான் உயிர் போயிற்று.

"கோகிலா, டிவியில ஒண்ணும் வரல! அவன் என்ன அனுப்பறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கோகிலா, அங்க என்ன விக்குதுன்னு தெரியாம நான் எதைக் கட்டறது?"

கேட்டுச் சொல்கிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்று கடைக்கும் குடோனுக்கும் நாள் முழுக்க அலைந்தேன். கால் வீங்கிவிட்டது. கிளம்பும்போது இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்: "நாளைக்கு சேல். நான் சர்வர் பக்கத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். என்னைக் கூப்பிடாதீங்க."

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் கடை திறந்ததும் ஆர்டர் கொட்ட ஆரம்பித்தது. என்ஜின்எக்ஸ் கேட்கிறது, பிஎச்பி சொல்கிறது, கேட்கிறது, சொல்கிறது. லாக்கில் ஒரு அழுகை இல்லை. எனக்கு உண்மையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். ஈரோட்டிலிருந்து ஒரு மொத்த வியாபாரி பெரியண்ணாவை ஃபோனில் பிடித்துக்கொண்டார். மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை போட்டது ஐம்பது வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுவார்.

"கோகிலா! உள்ள இருக்கான்னு கேளு!"

"எந்திரிக்க முடியாதுங்கண்ணா. எந்திரிச்சா சைட் படுத்துக்கும்." பச்சைப் பொய். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

பெரியண்ணா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் அறையைத் தாண்டிக் குடோன் வாசலில் போய் நின்றார். உள்ளே பேக்கிங் டேப் கிழிகிற சத்தம் நின்றுபோனது.

"டேய். மயில்கழுத்து அரக்குக் கரை அம்பது இருக்கா?"

சின்னண்ணா பேக்கிங் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "நாப்பது இருக்கு. பத்து தறியில இருக்கு. புதன்கிழமை தந்துடலாம்னு சொல்லு."

பெரியண்ணா ஃபோனில் சொன்னார். வியாபாரி ஒத்துக்கொண்டார். அத்தோடு திரும்பியிருக்கலாம். மனுஷன் திரும்பவில்லை, ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன்டா, பாகம் பிரிச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பினேன். ஒரு பதிலும் சொல்லாம கல்லுமாதிரி இருக்கியே?"

"பாகமா? என்ன பாகம்? சேல் நல்லா நடக்கணும்னு நீ ஆசைப்படறேன்னு கோகிலா சொன்னா. அதுக்காகத்தான் மூணு நாளா வீட்டுக்குக்கூடப் போகாம கட்டிட்டிருக்கேன்."

"நான் எப்படா ஆசைப்பட்டேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது விசாரணை. கேசரி தனியாக எடுத்து வைத்ததா? இல்லையாம். மூத்தவரே சூடம் காட்டட்டும் என்றது? அப்படி யாரும் சொல்லவில்லையாம். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பாப்பாத்தி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். குரல்கள் ஏறின. பத்திரிகை விஷயமும் வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது, ஆடிட்டரை நாளைக்கு ஏன், இன்றைக்கே வரச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். என்னால்தான், என் வாயால்தான் என்று கண்ணில் நீர் முட்டியது.

சின்னண்ணா சட்டென்று குரலை இறக்கினார். "அப்ப இதை மட்டும் சொல்லு. எனக்கு வயித்துல ஆபரேஷன் நடந்த அன்னைக்கு, நீ பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம கல்லாவுலயே உட்கார்ந்திருந்தேன்னு இவ சொன்னா. அதை நினைச்சுத்தான் நான் இத்தனை நாள் இங்கயே இருக்கேன். இல்லேன்னா என்னைக்கோ பிரிஞ்சு போயிருப்பேன். அதுவும் இவ கட்டிவிட்டதுதானா?"

பெரியண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லடா" என்றார். "அது நிஜம்."

சின்னண்ணா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு சேலை மூட்டையைக் காலால் நகர்த்தி வைத்து, "உட்காரு" என்றார். பெரியண்ணா உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "கோகிலா, ஆடிட்டருக்கு ஃபோன் போட்டு நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றார். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு, "வேண்டாம், நானே சொல்லிக்கறேன்" என்றார்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். சின்னண்ணாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று பெரியண்ணா மதியம் ஒரு முழு பிரியாணி சாப்பிட்டார். சாயங்காலம் இரண்டு தட்டுவடை செட். இரண்டையும் வாங்கி வந்து கொடுத்தது நான்தான்.